சாம்பலில் கீறிய விசைப்பலகை

வற்றாப்பளை அம்மன் அறியச் சொல்வது: கீழே வரும் ஒரு சொல்லிலும் கலப்படம் இல்லை.

2004ஆம் ஆண்டு, நவராத்திரி தொடங்கிய அன்றுதான் இரணைமடுவுக்குக் கிழக்கே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் கணினி வந்து இறங்கியது. அதிபர் கனகலிங்கம் அதைக் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்து, திரைக்குச் சந்தனப் பொட்டிட்டு, பட்டுத்துணியால் மூடிவிட்டார். பூசையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. விஜயதசமி காலையிலோ கல்வி அதிகாரி வருகிறார். ஒரு பிள்ளையாவது தன் பெயரையும் ஊரையும் அடித்துக் காட்டாவிட்டால் கணினி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

கணினி படிப்பிக்க வந்த கமலாசனிக்கு இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை.

“சேர், ஒருக்கா அந்தத் துணியைத் தூக்கி விடுங்கோவன்.”

“சரஸ்வதியோட விளையாடாதேங்கோ ரீச்சர்.”

மூன்றாம் நாள் அவள் அடுப்புச் சாம்பலை வாளியில் கொண்டுவந்து மைதானத்தில் விசைப்பலகையைக் கீறினாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பாய் அகலம். பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து துள்ளினார்கள். பெரிய எழுத்து வேண்டுமென்றால் ஒருத்தி ஓரத்துக் கட்டத்தை மிதித்துக்கொண்டு நிற்க, மற்றவள் துள்ள வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட, நீளக் கட்டத்தில் உருள வேண்டும்.

அடுத்த நாள் பக்கத்து வளவு வீரகத்தியின் நாம்பன் மாடு மைதானத்தைக் குறுக்கறுத்து நடந்தது. அது மிதித்த எழுத்துகளைப் பிள்ளைகள் கூட்டி வாசித்தார்கள். தண்ணீர் வேண்டுமாம். வைத்தார்கள், குடித்தது.

“என்ர மாட்டுக்கும் சேட்டிபிக்கற் குடுப்பியளோ ரீச்சர்?” என்றார் வீரகத்தி.

“ஒரு நாள் வரவு காணாது அண்ணை.”

விஜயதசமி அன்று துணி விலகியது. ஜெனரேற்றர் இரைந்தது. அதிகாரி விமலேஸ்வரி கதிரையில் சாய்ந்து, பத்து வயதுக் கஜனியைக் கூப்பிட்டார். கஜனி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் ஏறி நின்றாள்.

“என்ன பிள்ளை இது? இறங்கு. கையால அடி.”

“கையால பழகேல்லை மிஸ்.”

கமலாசனி கண்ணை மூடிக்கொண்டாள். கஜனி கால் பெருவிரல் நுனியால் தன் பெயரை அடித்தாள், ஊரை அடித்தாள், கேட்காமலே அதிகாரியின் பெயரையும் அடித்தாள். விமலேஸ்வரி எழும்பி வந்து இரண்டு தரம் வாசித்தார்.

“என்ர ஒபிசில பத்து விரலாலயும் இப்பிடி ஒருத்தரும் அடிக்கமாட்டினம். கொம்பியூட்டர் இஞ்சயே நிக்கட்டும் ரீச்சர்.”

அன்று பின்னேரம் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் கால் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கணினியோடு விசைப்பலகை வரவில்லை; அது அடுத்த வருடம் மாசியில்தான் வந்து சேர்ந்தது.