நிலவு சேர்த்த உருளைக்கிழங்கு

சாப்பாட்டுக் கவிஞர் உருளைக்கிழங்கைப் பற்றிய கவிதையின் கடைசி வரியை எழுதி முடித்ததும், அடுப்படியில் மூடி வைத்திருந்த உருளைக்கிழங்குக் கறி காணாமல் போனது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை. அவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பார்சல் அலுவலகத்தில் எடை போடும் வேலை முடிந்து வருபவர், முதல் ஆளாக உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் எழுதுவார். அவர் எழுந்த பிறகுதான் மனைவியும் மகளும் உட்காருவது அந்த வீட்டு வழக்கம். அடுத்து தக்காளி போனது, பிறகு ரொட்டி, பிறகு மீன். மகளுக்கு முன்கூட்டியே ஊட்டிப் பார்த்தாள் மனைவி. கவிதை முடிந்த கையோடு பிள்ளையின் வயிற்றில் இருந்ததும் சேர்ந்து மறைந்து, அது பசி பசி என்று அழுதது; எழுதியவர் வயிற்றில் மட்டும் எதுவும் குறையவில்லை. அவரிடம் முறையிட்டாள். "கலைன்னா வீட்ல இருக்கறவங்க கொஞ்சம் விட்டுக்குடுக்கத்தான் வேணும்" என்றார். வீட்டில் இருப்பவர்களில் தன்னை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. கவிதைக்கு லாயக்கில்லை என்று அவர் ஒதுக்கிய பிஸ்கட்டிலும் வெறும் டீயிலும் அம்மாவும் மகளும் காலம் தள்ளினார்கள்.

போனதெல்லாம் வாசகர்களின் வயிற்றுக்குத்தான் போயிற்று. பத்திரிகையில் மீன் கவிதையைப் படித்தவர்கள் ஏப்பம் விட்டார்கள், சிலருக்குத் தொண்டையில் முள்கூடச் சிக்கியது. தனிக்கட்டையான விமர்சகர் ஒருவர் சமைப்பதையே நிறுத்திவிட்டு, வேளைக்கு ஒரு கவிதை படித்துத் தொப்பை போட்டார்.

இப்படியே சில வருடங்கள் போயின. ஒருநாள் கவிஞருக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, 'முட்டையே, நீ ஒரு வெள்ளை நிலவு' என்று ஏதோ கிறுக்கி முடித்தார். முட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. மகள் அதைத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு அழுகை வந்தது, கூடவே விஷயமும் புரிந்தது. நேராக அவரிடம் போய், "இந்த மாதிரி நீங்க எழுதினதே இல்லைங்க. அதுவும் அந்த நிலா!" என்றாள். கல்யாணமான நாளாக அவள் வாயால் பாராட்டுக் கேட்டறியாத மனிதர் அப்படியே குளிர்ந்துபோனார்.

அதற்குப் பிறகு தக்காளி சிவப்பு நிலவானது, ரொட்டி தேய்ந்த நிலவானது, கத்தரிக்காய்கூடத் தப்பவில்லை. மகளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. விமர்சகருக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. படிக்கப் படிக்க வயிறு காந்துவதை அவர் 'வாசகனை உலுக்கும் வெறுமை' என்று எழுத, கவிஞருக்குப் பெரிய விருது கிடைத்தது. விழாவில் நிலவுகளை வரிசையாக வாசித்தபோது விமர்சகர் பசியில் மயங்கி விழுந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சபை எழுந்து நின்று கைதட்டியது.

விருது வாங்கிய மறுநாள், சாப்பிட்டு எழுந்த கவிஞர் கை கழுவிவிட்டு ஒரு வரி எழுதினார்: 'தோலுரித்த கிழங்கின் சூட்டில் என் தாயின் விரல்.' மனைவி படித்தாள். உள்ளே பாத்திரத்தின் மூடி லேசாக ஆடியது. நல்ல வரிதான். அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"நல்லா இருக்குங்க. ஆனா நிலாவைக் காணோமே?"

"அட, ஆமா!" என்று அந்த வரியை அடித்துவிட்டு நிலவைச் சேர்த்தார் கவிஞர். அவள் போய் மூடியைத் திறந்து பார்த்தாள். உருளைக்கிழங்கு அப்படியே இருந்தது. மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.