நோய் வரலாறு: இல்லை

எங்கள் பல் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்பே பத்துப் பதினைந்து படிவங்களை அடுக்கி, 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற பகுதியில் 'இல்லை', 'இல்லை' என்று மளமளவென எழுதி வைத்துவிடுவோம். சர்க்கரை இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தேர்வு எழுத ஐம்பது பல் பிடுங்கியாக வேண்டும். ஆளுக்கு ஆள் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருந்தால் விளங்கினாற்போலத்தான்.

எனக்கு நாற்பத்தெட்டாவது பல் ஒரு லாரி ஓட்டுநருடையது. மரத்துப்போகும் ஊசியைப் போட்டேன். மூடியைத் தட்டிலேயே கிடத்தி, ஒற்றைக் கையால்தான் ஊசியை அதற்குள் செருக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மகாராணி எனக்கு அவசரம். இடது கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு செருகினேன். ஊசி கையுறையைத் துளைத்து ஆள்காட்டி விரலில் இறங்கியது.

பாதியில் எழுந்தால் அந்தப் பல் என் எண்ணிக்கையில் சேராது. அதனால் வேறு கையுறை மாட்டி, பல்லைப் பிடுங்கி, தையல் போட்டு, அவரை அனுப்பிவிட்டுத்தான் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் இல்லைன்னு இருக்கு. கேட்டுத்தானே எழுதின? சந்தேகம்னா இப்பவே சொல்லு. ஆளக் கூப்பிட்டு ரத்தம் எடுப்போம். கிருமி ஏதாவது இருந்தா, ஒனக்குத் தொத்தாம இருக்க மருந்த மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சாகணும்."

போன வருடம் இப்படிக் கேட்காமல் எழுதி மாட்டிக்கொண்ட ஒருவனுக்குப் படிப்பில் ஒரு வருடம் போய்விட்டது.

"கேட்டேன் சார்."

விரலில் என்ன கட்டு என்று அம்மா கேட்டாள். காய் நறுக்கும்போது பட்டுவிட்டது என்றேன். நான் கத்தியைத் தொட்டே வருடக்கணக்காகிறது என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. படிவத்தில் இருந்த அந்த ஓட்டுநரின் எண்ணை எத்தனையோ முறை கைபேசியில் அழுத்தி, அழுத்தி, அழித்தேன். இப்போது கேட்டால், அன்று கேட்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடுமே. நல்ல வாட்டசாட்டமான மனிதர், அவருக்கு என்ன இருக்கப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று நாளும் அப்படியே போயிற்று. பாழாய்ப்போன பயம்.

ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அன்றைக்குத்தான் கேட்டேன், உடம்புக்கு ஏதாவது உண்டா என்று. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரத்தத்துல அந்தக் கிருமி இருக்கும்மா. எச்.ஐ.வி. மாத்திரை ஒத்துக்கலன்னு நாலு மாசமா நிறுத்திட்டேன். ரெண்டு இடத்துல உண்மையச் சொன்னேன், ஏதேதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவே இல்ல. ஒண்ணுமே கேக்காம கை வெச்சீங்க பாருங்க, வீட்ல சொல்லிச் சொல்லி அழுதேன். நீங்க நல்லா இருக்கணும்."

பயத்தைவிட எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லித் தையலைப் பிரித்தேன். அவருக்கு வலித்திருக்கும். மனிதர் முகம் சுளிக்கவில்லை.

அவரை உட்காரவைத்துவிட்டுப் பேராசிரியரின் அறைக்குப் போனேன்.

"நான் அவர்கிட்ட எதுவுமே கேக்கல சார். அவருக்கு எச்.ஐ.வி. இருக்காம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைத்தான் பார்த்தார்.