மூன்றாம் தடவை கேட்காத மனிதர்

எங்கள் ஊர் மேயர் வெண்டல் ஓஸ்ட்பியை எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து தெரியும். நல்லவன். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன். ஆனால் போன ஜனவரியில் அவன் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஆர்டிஸ் க்வாம். மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் ஸ்டென்விக் நகரசபையில் உறுப்பினர். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். எங்கள் ஊரில் கோபக்காரி என்றால், எப்போதோ ஒரு கூட்டத்தில் குரலை உயர்த்திப் பேசியவள் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். நாடே வருஷம் முழுக்கக் காத்திருக்கும் கால்பந்து இறுதிப்போட்டி பிப்ரவரியில் வரும். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. வழக்கமாக அது பனைமரம் நிற்கிற ஊர்களுக்குத்தான் போகும். எங்கள் மைதானத்துக்குக் கூரை போட்ட பிறகு, நாமும் கேட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு பேச்சு கிளம்பியது. பிப்ரவரியில் எங்கள் வாசலில் கொதிக்கிற தண்ணீரை வீசினால் தரையில் விழுவதற்குள் பனியாகிவிடும். அந்த ஊருக்கு உலகத்தையே கூப்பிடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கால்பந்து வேண்டாம், புகழ் வேண்டாம். எனக்கு என் மகள் சிக்னி வேண்டும், அவ்வளவுதான். குளிர் தாங்கவில்லை என்று அரிசோனாவுக்கு ஓடியவள், போட்டியை நடத்துகிற லீகிலேயே வேலை பார்க்கிறாள். ஜூலையில் மட்டும் வருவாள். ஜூலையில் எங்கள் ஊருக்கு வருவது சிக்னியும் கொசுவும்தான். கொசுவாவது செப்டம்பர் வரை இருக்கும்.

அவள்தான் ஒரு நாள் போனில் சொன்னாள்.

"உங்க ஊருக்குக் கிடைச்சா ரெண்டு வருஷம் நான்தாம்மா அங்க வந்து உக்காந்து வேலை பாக்கணும். ஐயோ, நெனச்சாலே காது விறைக்குது."

உங்க ஊராம். அதைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் என்ற வார்த்தைதான் காதில் தங்கியது. இரண்டு முழுக் குளிர்காலம்!

நகரசபைக் கூட்டத்தில் லவோன் சேதர் முதலில் வாயைத் திறந்தாள். அவளுக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அதனால் ஒருவருக்கொருவர் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் கேக் அனுப்பிக்கொள்வோம்.

"யோசனை வித்தியாசமா இருக்கு" என்றாள்.

எங்கள் பேச்சில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. இரண்டு பேர் கீழே குனிந்துகொண்டார்கள்.

"என்னடி வித்தியாசம்? மைதானத்துக்குத்தான் கூரை இருக்கே?" என்றேன்.

"மைதானத்துக்கு இருக்கு. அதுக்கு வர்ற ரோட்டுக்கு? டிக்கெட் எடுத்து, விமானம் ஏறி வந்து, விறைச்சுச் சாகணுமா ஜனங்க? அவங்கவங்க வீட்லயே சௌகரியமா சாகலாமே."

"லவோன், குளிர்தான் நம்ம சரக்கு. வெயில் ஊருக்குப் போனவன் ஊர் பேரையே மறந்துடுவான். இங்க வந்துட்டுப் போனவன் மூக்கு மறக்குமா?"

"மூக்கு மிச்சம் இருந்தாத்தானே மறக்கிறதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவளை அந்த ஜன்னல் வழியாகவே வெளியே தள்ளலாம் போலிருந்தது. தட்டை நீட்டி, "பேரீச்சை கேக் எடுத்துக்கோ" என்றேன்.

தட்டில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். லவோன் அதில் பாதியை வெட்டி எடுத்தாள். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கூட்டம் முடியும்போது தட்டில் எறும்புக்கே போதாத ஒரு துணுக்கு உட்கார்ந்திருந்தது. ஒருவரை 'வேணுமா' என்று கேட்கிறதும் அப்படித்தான். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்பது பிரியத்துக்கு, அதற்கும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால்தான் அது கேள்வி. அப்போது, "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா" என்று இழுத்தபடி வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே சரி என்று சொல்கிறவனைப் பட்டினி கிடந்தவன் என்று நினைப்போம்.

ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. மேயர் ஓட்டுதான் பாக்கி. வெண்டல் கழுத்துப்பட்டையைத் தடவினான், கூரையைப் பார்த்தான்.

"எனக்கு இதுல பெருசா ஆட்சேபணை இல்லேன்னு சொன்னா தப்பில்லையோன்னு தோணுது" என்றான்.

அது சம்மதம். நான் மேசைக்கடியில் கையைத் தட்டிக்கொண்டேன்.

வீட்டில்தான் அடுத்த பஞ்சாயத்து. என் கணவன் ஹால்வருக்கு உறைந்த ஏரிமேல் ஒரு மீன்பிடிக் குடில் உண்டு. அடுப்பு, பழைய சோபா, தரையில் பனியைத் துளைத்து ஒரு ஓட்டை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மனிதன் அங்கேதான் குடித்தனம். போட்டி வந்தால் ஏரிமேல் விருந்தினர் கூடாரம் போடுவார்கள், குடில்கள் எல்லாம் காலி செய்ய வேண்டும்.

"நீயும் கை தூக்கினியா?" என்றான்.

"தூக்கினேன்."

"குடிலு போயிடும்."

"சிக்னி வருவா."

அவன் கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். நான் கேட்காமலே போட்டுக்கொண்டதால் அவன் மனசு கலங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஜனவரியில் லீகிலிருந்து ஊரைப் பார்வையிட வந்தார்கள். தலைவர் பெயர் கால்டர், மயாமிக்காரர். கூட சிக்னி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது இருந்த அன்று அந்த மனிதர் விமான நிலையத்து வாசலில் மெல்லிய தோல் செருப்போடு வந்து நின்றார். இமை உறைந்து இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டுவிட்டன. சிக்னி கையுறையால் தேய்த்துத் தேய்த்துத் திறந்துவிட்டாள். கண் திறந்ததும் அவர் பார்த்த முதல் காட்சி, சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் நின்ற வெண்டல்.

"உங்களுக்குக் குளிரலையா?"

"அவ்வளவு மோசமில்ல" என்றான் வெண்டல். எங்கள் ஊரில் அது உச்சகட்டப் பாராட்டு. கல்யாணத்தன்று ஹால்வர் என்னைப் பார்த்துச் சொன்னதும் அதேதான்.

அன்று மத்தியானம் ஹால்வர் எனக்குப் போன் பண்ணினான். குரலில் நடுக்கம்.

"ஆர்டிஸ், அந்த மயாமிக்காரரை மரியாதைக்கு ஒரு தடவை கேட்டேன், மீன் பிடிக்க வரீங்களான்னு. ஒரே ஒரு தடவை. உடனே வரேன்னுட்டார்!"

"என்னது, உடனேயா?"

"உடனே. இப்ப வண்டியில எம்பக்கத்துல உக்காந்திருக்கார்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முதல் 'வா'வுக்கே வருகிறவன், முதல் 'வேண்டாம்'க்கே போயும் விடுவான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

குடில் கால்டரின் மனசைச் சாய்த்துவிட்டது. ஓட்டைக்குள் தூண்டிலை விட்ட கொஞ்ச நேரத்தில் முழங்கை நீள மீன் ஒன்று மாட்டியதாம். சோபாவில் ஏறி நின்று கத்தினாராம். ஹால்வர் அந்தக் குடிலைக் காலி செய்யப்போகிறவன், அதே குடிலில் அந்த ஆளை உட்கார வைத்து, மீனைச் சுத்தம் பண்ணி, வெண்ணெயில் வறுத்தும் கொடுத்திருக்கிறான். எனக்காக. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிக்னி சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் தேவாலயத்து அடித்தளக் கூடத்தில் விருந்து. ஊரே வந்திருந்தது. காப்பி வந்த சமயம் கால்டர் எழுந்தார். மூக்கு நுனி செர்ரிப்பழம் போலச் சிவந்திருந்தது.

"நான் பூசி மெழுகிப் பேசற ஆள் இல்ல. வரும்போது வேணாம்னு சொல்லிடலாம்னுதான் வந்தேன். இப்ப மனசு மாறிடுச்சு. இந்த மாதிரி ஊரை நான் பாத்ததே இல்ல. மேயர், நேரடியாக் கேக்குறேன். போட்டியை உங்களுக்கே குடுக்கச் சொல்லிடட்டுமா? வேணுமா?"

இரண்டு குளிர்காலத்துக்கும் மாடி அறையில் எந்தக் கம்பளி விரிப்பது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

வெண்டல் எழுந்தான். முகமெல்லாம் வெட்கம்.

"அய்யய்யோ, எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? எங்களைவிட நல்ல ஊரு எவ்வளவோ இருக்கே."

ஊரே பெருமையோடு தலையாட்டியது. எவ்வளவு அழகாகச் சொன்னான்! லவோன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கால்டர் முகத்தில் ஈயாடவில்லை. "வேணாமா?" என்றார்.

இரண்டாம் தடவை. நன்றாகத்தான் போகிறது என்று நாங்கள் எல்லோரும் காப்பியை ஒரு மிடறு குடித்தோம்.

"உங்களுக்குத்தாங்க வீண் சிரமம்" என்றான் வெண்டல். சொல்லிவிட்டு, மூன்றாவதுக்கு வாகாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான்.

"புரியுது. மதிக்கிறேன்" என்றார் கால்டர். உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். கால்டர் கோட்டுப் பையில் கையுறையைத் தேடினார். வெண்டல் நின்றுகொண்டே இருந்தான். கால்டர் ஒரு கையுறையை மாட்டினார். சிக்னியைப் பார்த்தேன். அவள் எப்போதோ எழுந்து அவர் காதோடு காதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தலையை ஆட்டி மறுத்தார். விருந்தாளியைப் பார்த்து இன்னொரு தடவை கேளும் ஐயா என்று சொல்லலாமா? எங்கள் ஊரில் அதைவிடச் சட்டையில்லாமல் நடந்து போகலாம். வெண்டலாவது சுதாரிக்கட்டும் என்று மேசைக்கடியில் ஓங்கி ஒரு உதை விட்டேன். அது கால்டரின் முழங்காலில் போய் விழுந்தது. எங்கள் ஊரில் நடந்த ஒரே கால்பந்து அதுதான்.

அவர் நொண்டிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்.

"இன்னொரு தடவை கேப்பாருன்னுதானே நின்னேன்!" என்றான் வெண்டல். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. "ரெண்டோட நிறுத்தற மனுஷன் எங்காவது உண்டா?"

"கோட்டை விட்டியேடா!" என்று கத்தினேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோபக்காரி என்ற பெயர் இன்னும் இருபது வருஷத்துக்கு நீண்டது.

அன்று சிக்னி எங்கள் வீட்டில் தங்கினாள்.

"நான் சொன்னேம்மா. இன்னொரு தடவை கேளுங்க, சரின்னுடுவாங்கன்னு. அதுக்கு அவரு, ஊர் முன்னாடி ரெண்டு தடவை வேணாம்னு சொன்னவங்க தலையில கட்டினா என் வேலை போயிடும்னுட்டாரு. பனைமரத்து ஊருக்கே போயாச்சு."

"போகட்டும். உனக்குத்தான் நிம்மதி" என்றேன். அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

காலையில் அவளுக்கு விமானம். ஹால்வர் பெட்டியை வண்டியில் வைத்து, இயந்திரம் சூடாகட்டும் என்று ஓடவிட்டு உள்ளே வந்தான். சிக்னி வாசற்கதவருகே பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். இனி ஜூலைதான். கொசுவோடுதான். கதவுப்பிடியில் கை வைத்தபடி, போகிற எல்லோரும் சொல்கிற மாதிரி அவளும் சொன்னாள்.

"பேசாம ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டுமாம்மா?"

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. வேணாம்மா, உனக்கு வேலை கிடக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தே விட்டது. அப்போது பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற வெண்டல் கண்முன்னால் வந்தான்.

"இரு" என்றேன்.

ஹால்வரின் காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது. சிக்னி என்னையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் மரியாதைக்குத்தான் கேட்டிருக்கிறாள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அம்மா," என்றாள் மெதுவாக, "நான் ஒரு தடவைதானே கேட்டேன்?"

"தெரியும். நான் மூணு தடவைக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

ஹால்வர் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான். வண்டியின் சத்தம் நின்றது. சிக்னி குனிந்தாள். நாடாவை இறுக்குகிறாளா அவிழ்க்கிறாளா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் ஒரு பூட்ஸ் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

ஹால்வர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். மீசை முழுக்க உறைபனி.

"வெளிய எப்படிப்பா இருக்கு?" என்றாள் சிக்னி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவன் பெட்டியை மாடிப்படியின் கீழே வைத்தான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவ்வளவு மோசமில்ல" என்றான்.