நோன்பு மாதத்து வாப்பா

வாப்பா எங்கள் கடைப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை ஒடித்துக்கொண்டது காலை நேரத்தில். காலை என்பதால்தான் தப்பித்தோம். பொழுது சாய்ந்த பிறகு விழுந்திருந்தால் தூக்க வந்தவர்களுக்கு வாடை அடித்திருக்கும், கோட்டாறு முழுக்க அன்றைக்கே நாறியிருக்கும். மனுஷன் வலியில் துடிக்கிறார், பெற்ற மகளுக்கு முதலில் தோன்றியது இதுதான். அப்படி வளர்ந்திருக்கிறேன், என்ன செய்ய.

தூக்க வந்தவர் யார் தெரியுமா? சபீர் மாமா. எனக்கு நிக்காஹ் பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளையின் தாய்மாமா. பக்கத்துக் கடைக்கு என்னவோ வாங்க வந்தவர், தன் காரிலேயே வாப்பாவை நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேர்த்துவிட்டுப் போனாரா? போகவில்லை. கூடவே நின்றார். நல்ல மனுஷன்தான். அன்றைக்குப் பார்த்து அவ்வளவு நல்ல மனுஷனை யார் கேட்டார்கள்?

டாக்டர் பிரீனா சின்ன வயதுக்காரர். கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டார். பிரஷர் உண்டா, சுகர் உண்டா, குடிப்பழக்கம் உண்டா.

"எங்க ஆளுவளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது டாக்டர். சுகர்தான். அடிக்கடி தாழ்ந்து போவும்" என்றாள் உம்மா.

சபீர் மாமா ஆமோதித்துத் தலையாட்டினார். கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த என் அண்ணன் ரிஜ்வான் காக்கா, ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாப்பாவின் போர்வையை இழுத்துவிட்டேன்.

வாப்பாவுக்குச் சுகரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வியாபார விஷயம் என்று சொல்லிக் குழித்துறைக்குப் போவார், கடைசி பஸ்ஸில் திரும்புவார். தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாதே, அதற்குத்தான் அவ்வளவு தூரம். மறுநாள் எழும்ப முடியாமல் கிடந்தால் உம்மா வாசலில் நின்று, சுகர் தாழ்ந்துவிட்டது என்பாள். அடுத்த வீட்டு ரிஸ்மாவின் உம்மா அதை நம்பி வருஷக்கணக்காகப் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தாள். கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாரா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். வாப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குடிப்பார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிப்பது? எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேரும் எங்களுக்குள்ளேகூட அதைப் பேசியது கிடையாது.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தத்திலேயே நான் கண்டுபிடித்துவிடுவேன். இரண்டும் அடுத்தடுத்து விழுந்தால் பயமில்லை. ஒன்று விழுந்து மற்றது விழ நேரமானால், புத்தகத்தை மூடிவிட்டுப் போர்வைக்குள் புகுந்து தூங்குகிற மாதிரி கிடப்பேன். வாப்பாவின் அழுகை, உம்மாவின் கெஞ்சல், தட்டு பறக்கிற சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டு, மூச்சைக்கூட ஒழுங்காக விட்டுக்கொண்டு கிடப்பேன். கூடப் படித்தவர்கள் ஒருத்தரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை, பெருநாளைக்குக்கூட. அவளுக்குப் பெரிய இவள் என்று நினைப்பு என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நோன்பு மாதம் வந்தால் மட்டும் எனக்கு ஒரு வாப்பா கிடைப்பார். அந்த மாதம் தொடமாட்டார், அதில் மட்டும் அப்படியொரு வைராக்கியம். முதல் இரண்டு மூன்று நாள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சுவரில் இல்லாத எறும்பைத் தட்டிவிடுவார். சுகரை வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்கிறாரே என்று தெருவே மெச்சும். அது கழிந்தால் தெளிந்துவிடுவார். பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கி வருவார், என் தலையில் கைவைத்து இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்பார். பிறை தெரிந்தால் மாதம் முடிந்தது. இருபத்தொன்பதாவது நோன்பன்று தெருப் பிள்ளைகள் அத்தனையும் மாடியில் ஏறிப் பிறை தேடும். நான் மட்டும், இன்றைக்குத் தெரியக் கூடாது ரப்பே, இன்னும் ஒரே ஒரு நாள் தா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். பிறை கண்டாச்சு என்று எல்லாரும் கூச்சல் போடும்போது எனக்கு அழுகை வரும். சந்தோஷத்தில் அழுகிறாள் பார் என்பார்கள்.

ஒரு வருஷம் இரண்டாவது நோன்பில் வாப்பாவுக்கு வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளியது. அதற்கும் சுகர் என்றுதான் சொன்னோம். பிறகு நானே போனில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ரொம்ப நாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், புத்தி பேதலிக்கும், உயிரே போகலாம். டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் மருந்து உண்டு.

ஆஸ்பத்திரியில் மறுநாள் விடிந்ததும் பார்த்தேன், வாப்பாவின் விரல்கள் போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. தொடையில் ஆப்பரேஷன் என்று கத்தி வைக்கப் போகிறார்கள், டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லாவிட்டால் வாப்பா போய்விடுவார். சொல்லி, அது சபீர் மாமா காதில் விழுந்தால் என் நிக்காஹ் போய்விடும். அதுகூடப் போகட்டும், உம்மா ஒரு ஆயுசு கட்டிக் காத்த மானத்தை நான் நடுரோட்டில் போட்ட மாதிரி ஆகும். அவள் அப்புறம் என் முகத்தில் முழிப்பாளா? கேட்கவும் ஆளில்லை. காக்காவிடம் சொல்லலாம் என்று போனேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட்டியா ஹஸீபா என்றான். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

டாக்டர் பிரீனா அறையில் தனியாக இருந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். வாப்பா குடிப்பார் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன் என்று உம்மாவுக்கும் காக்காவுக்கும் தெரிய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"மருந்து நேத்து சாயங்காலமே ஆரம்பிச்சாச்சு. நடுக்கம் அடங்கின பிறகுதான் ஆப்பரேஷன். பயப்படாண்டாம்" என்றார். பேனாவை மூடி வைத்தார். "சொல்லலாமான்னு தெரியல. ஆனா உங்களைப் பாத்தா சொல்லணும்ன்னு தோணுது. இதச் சொல்ல உங்க வீட்டுலேந்து வர்ற மூணாவது ஆளு நீங்க. உம்மா நேத்து வந்தாங்க. அண்ணன் இன்னைக்குக் காலையில வந்தாரு. ரெண்டு பேரும் தனித்தனியா வந்து ஒரே விஷயம்தான் கேட்டுக்கிட்டாங்க. ஹஸீபாவுக்குத் தெரியக் கூடாது, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

அவளுக்கு ஒன்றும் தெரியாதாம்!

வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மீது என்றுதான் தெரியவில்லை. அந்த ராத்திரிகளில் அடுத்த அறையில் உம்மா, மாடியில் காக்கா, போர்வைக்குள் நான். இத்தனை வருஷமும் ஆளுக்கொரு மூலையில் கிடந்து இதே பயத்தைத் தின்றிருக்கிறோம். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டிருக்கலாமே. நான் அந்த வீட்டில் யாருமில்லாதவளாக அல்லவா வளர்ந்தேன்!

வாப்பாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உம்மாவும் காக்காவும் இருந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"நீ வீட்டுக்குப் போ மக்கா. இதெல்லாம் நீ பாக்காண்டாம்" என்றாள் உம்மா.

நான் பதில் சொல்வதற்குள் அறைக்குள் டம்ளர் விழுந்து உருண்டது. கூடவே வாப்பா எதையோ முனகினார். சின்னச் சத்தம்தான். வராந்தாவில் எத்தனையோ பேர் இருந்தார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். உள்ளே போய்ப் பார்த்தால் வாப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் கை தட்டியிருக்கிறது.

உம்மா வாப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எழுந்த வேகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"எப்பத்துலேந்துட்டி தெரியும் உனக்கு?"

"தெரியாத நாளுன்னு ஒண்ணு எனக்கு ஞாபகத்துல இல்ல உம்மா."

காக்கா சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. உம்மா என் தலையில் கைவைத்தாள்.

வராந்தாவின் கோடியில் சபீர் மாமா கையில் டீயோடு வந்துகொண்டிருந்தார். உம்மா போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இந்தத் தடவை மூன்று பேரும் ஒன்றாக உள்ளே இருந்தோம்.