உறையக்கூடாத மருந்து

தங்கைக்காரிக்கு ஆய்வகத்தில் வேலை. புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைக்க வேண்டும். குமிழி என்றால் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரமா என்ன? தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது கட்டியைத் தேடிப் போய் அங்கேயே மருந்தை இறக்கும், மற்ற இடங்களைக் கூடியவரை சும்மா விட்டுவிடும். ஆறு வருஷமாக அவளுக்கு இதே பைத்தியம். இப்போது அந்த மருந்துக்காகக் காத்திருப்பது அவளுடைய சொந்த அக்கா.

அக்கா படுத்திருந்த மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். "இந்த ஈட்டு மருந்த முடிச்சிட்டு வர்றேன்க்கா" என்று மூன்று மாதமாக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாள். பயம்தான், வேறென்ன? முடி கொட்டிய அக்காவைப் பார்க்கத் தெம்பில்லை. ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அக்காவுக்காக உள்ளுக்குள் ஏங்கி ஏங்கிச் செத்தாள்.

நேற்று மாலை ஒரு கையில் அக்காவுக்கான மருந்துக் குப்பித் தட்டு, மறு கையில் போன். "இந்த வாரமும் முடியாதுக்கா" என்று மெசேஜ் அடித்துக்கொண்டே, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய தட்டை ஃப்ரீஸருக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். உறைந்தால் குமிழிகள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது அங்கே நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும்.

காலையில் இளக வைத்துக் குமிழியின் பருமனை அளந்தாள். நூறு நானோமீட்டர் காட்ட வேண்டிய கருவி நானூறு காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. அதை உடம்பில் ஏற்றினால் நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு ஊசி இன்றைக்கு. புதிதாகச் செய்யப் பத்து நாள் ஆகும். குப்பிகளைக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டு டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள்.

"பத்து நாள் தள்றது நல்லதில்லம்மா. ஆனா வேற வழியில்ல. அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். நானே சொல்றேன்."

அக்கா உடனே போனை எடுத்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஊசி இல்ல. நான்தான் மருந்த ஃப்ரீஸர்ல வெச்சுக் கெடுத்துட்டேன். பத்து நாள் ஆகும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏதாவது திட்டேன்க்கா."

"மருந்து பத்து நாள் கழிச்சு வரட்டும்டி," என்றாள் அக்கா. "மூணு மாசமா கட்டில் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். நர்சக்கூட அதுல உக்கார விடல. நீ எப்ப வருவே?"

மூன்று மாதமாகச் சரளமாக வந்த சாக்கையெல்லாம் விட்டுவிட்டு, "இன்னிக்கே வர்றேன்க்கா" என்றாள் தங்கைக்காரி. புதுக் கலவையைப் போட்டால் சாயங்காலம் வரை அது இயந்திரத்தில் தானாகச் சுழலும். போட்டுவிட்டு, அழுதுகொண்டே முதல் பேருந்தைப் பிடித்தாள்.