செம்பு தொட்டால் விழிக்கும் ஈஸ்ட்

என் தம்பி மனைவி ஈஸ்ட்டுக்குள் ஒரு சுவிட்ச் வைத்தாள். அவள் வளர்த்த ஈஸ்ட்டுக்கு மருந்து தயாரிக்கத் தெரியும். ஆனால் பிறந்ததுமே தயாரிக்கத் தொடங்கினால் நோஞ்சானாகிச் செத்துப்போகும். அதனால் முதலில் தின்று கொழுக்கட்டும், பிறகு ஒரு சிட்டிகை செம்பு உப்பைத் தூவினால் மட்டும் மருந்து செய்யும் மரபணு வேலையைத் தொடங்கட்டும் என்று ஏற்பாடு. அதே ஆய்வகத்தில் பத்தாயிரம் ஆண்டுகள் ஆனதுபோலக் குடுவை குலுக்கி ஓய்வு பெற்றவள் நான். அவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற சுவிட்சைப் பார்த்ததே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தக் குணம் கிடையாது.

கட்டடத்தைப் புதுப்பித்த பிறகு எல்லாம் தலைகீழ். யாரும் செம்பு போடாமலேயே ஈஸ்ட் மருந்து தயாரிக்கத் தொடங்கி, தொட்டி தொட்டியாகச் சுருண்டது. சுவிட்ச் சரியில்லை என்று மேலிடம் கைவிரித்தது. இவளுக்கு வந்ததே ஒரு கோபம்! உறைபெட்டியில் பத்திரப்படுத்திய குப்பிகளைக்கூட விடாமல் எல்லாவற்றையும் வேகவைத்துக் கொட்டிவிட்டாள்.

போன ஞாயிறு நான், தம்பி, அவள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பிக்குக் குழாய் வேலை. அந்தக் கட்டடத்துக்கும் அவன்தான் குழாய் போட்டவன்.

“பிளாஸ்டிக் போதும்னாங்கக்கா. என் பொண்டாட்டி வேலை பாக்குற இடமாச்சே, விடுவேனா? தண்ணி சுத்திகரிக்கிற மெஷின்லேருந்து தொட்டி வரைக்கும் அசல் செம்புக் குழாய்! அரண்மனைல கூட கிடையாது.”

“நீ எப்படா அரண்மனைக்குப் போன?” என்று சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினேன். அவள் கை தட்டில் அப்படியே நின்றிருந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவ்வளவு சுத்தமான தண்ணீர் செம்பைச் சும்மா விடாது, அரித்துத் தொட்டிக்குள் கொண்டுபோய்விடும்.

“அண்ணி, சுவிட்ச் நல்லாத்தான் இருந்திருக்கு,” என்றாள் மெதுவாக. “ஒரே ஒரு குப்பி வச்சிருக்கலாம்.”

தம்பி விழித்தான். அவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“இத்தனை வருஷத்துல செம்புன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியாடி?”

“நீங்க கேக்கலையே.”

“கேட்டேன். உங்களுக்குப் புரியாதுன்னுட்ட.”

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

“மறுபடி செய்ய முடியாதா?” என்றான் தம்பி.

“செய்யலாம். முடியறதுக்குள்ள நானும் அண்ணி மாதிரி வீட்ல உக்காந்து ஊர்வம்பு பேசிட்டிருப்பேன்.”

வேறு சமயமாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

தம்பி தட்டைத் தள்ளிவைத்தான். “எப்படிச் செஞ்ச? முதல்லேருந்து சொல்லு.”

“செத்துப்போனதைப் பத்தி இப்ப எதுக்குங்க?”

“சொல்லேன்.”

அவள் ஈர விரலால் மேசைமேல் ஒரு வட்டம் வரைந்தாள். “இது ஈஸ்ட்.” உள்ளே கோடு இழுப்பதற்குள் வட்டம் பாதி காய்ந்துவிட்டது. விரலை மறுபடி தண்ணீரில் நனைத்துக்கொண்டாள்.