பதினொரு பவுண்டு அழுத்தம்

ஓரின் கிட்ரி, கறியை ஜாடியில் அடைத்து வேகவைக்கும் தன் பெரிய பிரஷர் பானையின் மூடியை மட்டும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அதிலிருக்கும் அழுத்தமானி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துக் கொடுப்பது கவுண்டி அரசு அலுவலகத்தில் என் வேலை. முள் சரியாக நின்றது.

“சரியாத்தான் இருக்கும். பட்டாளத்துல இருபது வருஷம். என் கையில எந்த மானியும் பொய் சொன்னதில்ல.”

“எத்தனை பவுண்டுல வைக்கிறீங்க, மிஸ்டர் கிட்ரி?”

“பதினொண்ணு. புத்தகத்துல போட்டிருக்கிறபடி.”

“எந்த ஊர்ல வாங்கின புத்தகம்?”

“லூசியானா. ஏன், எங்க ஊர்ல அச்சடிச்சா எழுத்து மாறிடுமா?”

லூசியானா கடலோரம். எங்கள் பள்ளத்தாக்கு ஏழாயிரத்து எண்ணூறு அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கறியோ பீன்ஸோ ஜாடியில் அடைப்பதென்றால் பதினான்கு பவுண்டு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிருமி சாகாமல் தங்கி, காற்றில்லாத ஜாடிக்குள் விஷத்தை உண்டாக்கும். வாடை வராமலும் இருக்கலாம். நிறமும் மாறாது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அவருடைய நிலத்துக்குப் போனேன். ‘உள்ளே வராதே. திருப்பிச் சொல்ல மாட்டேன்’ என்று கேட்டில் எழுதியிருந்தது. ஹாரனை அடித்துவிட்டு வெளியிலேயே நின்றேன்.

“படிக்கத் தெரியாதா?” என்று கத்திக்கொண்டே வந்தார்.

“எத்தனை ஜாடி போட்டிருக்கீங்க?”

“எழுபது. மூணு வாரம் முன்னாடி போட்டது. நாலு ஆடு, ஒரு தோட்டம். குளிர்காலம் முழுக்க எனக்கு அதுதான். கடைக்குப் போறதில்ல, அரசாங்கத்துக்கிட்டக் கை நீட்டுறதில்ல. இப்ப நீ வந்து எல்லாத்தையும் குப்பையில போடுங்கிற.”

“ஆமா.”

“இன்னொரு தடவை வேக வெச்சா?”

“அடைச்ச அன்னைக்கே செஞ்சிருந்தா சரி. மூணு வாரம் ஆச்சு.”

வீட்டுக்குள் போனார். ஒரு ஜாடியும் ஸ்பூனுமாகத் திரும்பினார். என் கண்ணெதிரே மூடியைத் திறந்தார். ஆட்டுக்கறி பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“பார்த்துக்கிட்டே இரு, பொண்ணு. இதைத் தின்னுட்டு உன்னை உங்க ஆபீஸ் வரைக்கும் துரத்துறேன்.”



“நீங்க சாப்பிடுறது உங்க இஷ்டம்,” என்றேன். “எழுபதுல வெளியில எத்தனை போயிருக்கு?”

ஸ்பூன் நின்றது.

“அது உனக்கு எதுக்கு?”

“யாருக்குக் கொடுத்தீங்க?”

 ஸ்பூனை ஜாடிக்குள்ளேயே போட்டு, மூடியைத் திருகினார்.

“எலாய் கின்டானா. ஆறு ஜாடி.”

கின்டானாவின் நிலம் வாய்க்காலின் மேல்புறம். இருவருக்கும் தண்ணீருக்காக இரண்டு வருஷத் தகராறு. வாய்க்கால் தண்ணீரில் தன் முறையிலிருந்து வாரத்துக்கு அரை நாளை கிட்ரிக்கு விட்டுக்கொடுக்க கின்டானா இந்த செப்டம்பரில்தான் ஒத்துக்கொண்டிருந்தார். அந்த அரை நாள் இல்லையென்றால் கிட்ரியின் மேய்ச்சல் நிலம் காய்ந்துவிடும். கை குலுக்கிய நன்றிக்குத்தான் ஆறு ஜாடி.

“நான் போய்ச் சொல்றேன்,” என்றேன்.

“நீ எதுக்கு? போட்டவன் நான்.”

அவர் தன் வண்டியில் முன்னே போனார். நான் பின்னால் போனேன்.

என் வீட்டாரைத் தெரிந்த கின்டானா வாசலிலேயே மறித்தார். “என்ன பட்டாளத்தாரே, துணைக்கு மாயெஸ்தாஸ் வீட்டுப் பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்க?”

“நான் கொடுத்த ஜாடியைத் திரும்பக் கொடு. விஷமா இருக்கலாம். அளவு தப்பு. என் தப்புதான்.”

சுற்றி வளைக்காமல் அவ்வளவுதான் சொன்னார். கின்டானா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து சாயங்காலம் என் பொண்ணு மரிசெலா ஒண்ணைத் திறந்தா.”

பத்து வயது மரிசெலா கதவோரம் வந்து நின்றாள். இந்த விஷம் முதலில் கண்ணையும் தொண்டையையும்தான் தாக்கும். சமையலறையில் கிடந்த கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தடுமாறாமல் படித்தாள். கண்ணில் எதுவும் இரண்டாகத் தெரியவில்லை என்றாள். தண்ணீர் கொடுத்தேன், சுலபமாக விழுங்கினாள்.

“எப்படிச் சாப்பிட்ட?”

“சூப்புல போட்டு ரொம்ப நேரம் கொதிச்சுது. அப்பா கதை சொல்லிக்கிட்டே இருந்தாரு, அடுப்பை அணைக்கவே இல்ல.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம்,” என்றார் கின்டானா.

அவ்வளவு நேரம் கொதித்தால் விஷம் முறிந்துவிடும். இருந்தாலும் இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லி, அங்கே சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மிச்சம் ஐந்து ஜாடி அலமாரியில் இருந்தது. கின்டானா அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கிட்ரியின் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“என் பொண்ணுக்கு விஷம் கொடுத்தவனுக்கு நான் தண்ணி விடணுமா? ஏப்ரல்ல தண்ணி திறக்கிறப்ப என் மதகுப் பக்கம் உன் நிழல் தெரிஞ்சுதுன்னா பாரு.”

“பொண்ணைக் கூட்டிட்டுப் போ முதல்ல,” என்றார் கிட்ரி. ஜாடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வண்டி ஏறினார்.

அவருடைய கேட்டில் மறுபடி என்னை நிறுத்தினார். “நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்குத் தண்ணி இருந்திருக்கும்.”

“இருந்திருக்கும்.”

“இனி என் நிலத்துல கால் வெக்காத.”

“ஜாடியைத் திறக்காம புதைக்கணும். புதைக்கிறதை நான் பார்க்கணும்.”

“வெளியில நின்னு பாரு.”

நின்றேன். கொட்டகைக்குப் பின்னால் மண்வெட்டி கல்லில் மோதும் சத்தம் கேட்டது. அக்டோபர் மண் இறுகியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“இன்னும் போகலையா நீ?”

“எவ்வளவு ஆழம்?”

“மூணடி.”

“போதாது. நரி தோண்டிடும்.”

என் காதில் விழும்படியாகவே கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். மண்வெட்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது.